ஓசிச் சோறு

ஊரப்பாக்கத்தில் ரயில் ஏறியதிலிருந்தே ஜஹீரா கணவரிடம் பொரிந்து தள்ளினாள். "உங்க உயிரை எடுக்கப் பாத்தவன். அவனைப் பாக்கப்போக அத்தர் வேற பூசிக்கணுமா?"

"எங்கிட்ட ஓசிச் சோறு தின்னு வளர்ந்தவன். எப்படியிருக்கான்னு பாக்க வேணாமா?" என்று சிரித்தார் கிபாயத்துல்லா.

தாம்பரத்தில் இறங்கி, ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்ததுமே கேட்டார்: "பய சௌக்கியமாம்மா?"

"ஜம்முனு இருக்கான் சார்!" ஆராய்ச்சியாளர் பிளஸ்ஸி மைக்ராஸ்கோப்பைக் காட்டினாள்.

ஜஹீரா குனிந்து பார்த்தாள். கணவர் குணமாவதற்கு முன்னால் அவர் ரத்தத்திலிருந்து எடுத்து வளர்த்த புற்றணுக்கள், கூட்டங்கூட்டமாக!

"நோயை எதிர்க்கவேண்டிய பி செல் ஏன் புற்றா மாறுச்சுன்னு இவனை வெச்சுதான் தேடுறோம் ஆன்ட்டி."

ஜஹீராவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"விடாதம்மா! எங்க வீட்டுல தின்ன சோத்துக்கெல்லாம் நல்லா வேலை வாங்கு!"