ஒரே பேரிங், மூன்று வருஷம்

“இது ஏமாத்து வேலை இல்லாம வேற என்னய்யா? மூணு வருஷமா அதே பேரிங்! பனி விழ ஆரம்பிச்சதும் தேயுது, நீ மாத்துற, அடுத்த வருஷம் திரும்பவும் தேயுது!”

சைமா போட்ட சத்தம் கேல்யுமெட் ஊர்க் கடைத்தெரு வரைக்கும் கேட்டிருக்கும்.

மெக்கானிக் ஆர்னே தன் பட்டறைத் தரையில் மண்டியிட்டார். அந்தப் பழைய பனிவாரி மெஷினைச் சாய்த்து, பனியை அள்ளுகிற திருகு உருளையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். கடகடவென்று ஆடியது.

“மெதுவா பேசுக்கா,” என்றாள் மெஷினுக்குச் சொந்தக்காரியான லெம்பி.

“நீ சும்மா இருடி. புருஷன் போயி தனியா இருக்கிறவதானேன்னு தலையில மிளகா அரைக்கிறான். நீ என்னடான்னா அவனுக்கு ஏலக்காய் ரொட்டி சுட்டு எடுத்துட்டு வர்ற! ஞாயித்துக்கிழமை சர்ச்சுல வெச்சு இவன் மானத்தை வாங்குறேன் பாரு. இந்த ஓட்டை மெஷினே வேண்டாம். புதுசு வாங்கிக்கலாம், கிளம்பு!”

லெம்பி நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

ஆர்னே உருளையைக் கழற்றி மாட்ட இரண்டு மணி நேரம் ஆகும். அடுப்பு ஓரமாக உட்கார்ந்து காபி குடித்தபடி பேசிக்கொண்டிருக்கலாம். வேறெங்கே எதிர்ப்பட்டாலும் இருவருக்கும் தலையாட்டத்தான் வரும். வருஷம் முழுக்க அவள் காத்திருந்தது அந்த இரண்டு மணி நேரத்துக்குத்தான்.

“என் தப்புதாங்க,” என்றார் ஆர்னே, தலையைக் குனிந்தபடி. “சும்மாவே மாத்திக் குடுத்துடுறேன்.”

ஒரு பாவமும் அறியாத மனுஷனுக்குத் திருட்டுப் பட்டமா? லெம்பிக்குத் தாங்கவில்லை.

“அவர் மேல தப்பே இல்லக்கா! பேரிங் தேயாம இருக்க வாராவாரம் அதோட துளையில கிரீஸ் அடிங்கன்னு சொல்லித்தான் அனுப்புவார். நான் ஒரு தடவைகூட அடிச்சதில்ல. வேணும்னேதான்.”

“வேணும்னேவா? உனக்கென்னடி பைத்தியமா?”

லெம்பியின் முகம் காதுமடல் வரை சிவந்துவிட்டது.

“தேஞ்சாத்தானே இங்க வர முடியும்.”

சைமா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

ஆர்னே ஸ்பேனரைக் கீழே வைத்தார். கையைத் துணியில் துடைத்தார். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தார்.

“உங்க அக்கா சொன்னதுதான் சரி,” என்றார் லெம்பியின் முகத்தைப் பார்க்காமலே. “நீங்க கிரீஸ் அடிச்சிருந்தாலும் உள்ள போயிருக்காது. அந்தத் துளையை மூணு வருஷத்துக்கு முன்னாடியே நான் ஈயம் ஊத்தி அடைச்சுட்டேன்.”