மூடிவைத்த தட்டு

மேவிஸ் கடைசி ஐந்து எழுத்துக்கட்டைகளையும் பலகையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள்.

கனாட்.

முதல் எழுத்து க்யூ. அதற்குப் பின்னால் யூ இல்லை.

ஆங்கிலத்தில் க்யூ தனியாக வெளியே போகாத எழுத்து. யூ துணைக்கு வந்தால்தான் படியிறங்கும். துணையில்லாமல் வரும் வார்த்தைகள் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தையும் மனப்பாடம் செய்தவர்கள்தான் எங்கள் வார்த்தை விளையாட்டுக் கிளப்பில் ஜெயிப்பார்கள்.

அவள் புருஷன் எர்னஸ்ட் அப்படித்தான் ஜெயித்தான். ரயில்வேயில் சிக்னல் அறையில் அவனுக்கு வேலை. இரண்டு ரயில்களுக்கு நடுவே பட்டியலை வைத்துக்கொண்டு உருப்போடுவான். எங்கள் ஊரான மோர்கமில் கடற்கரைக்குப் பின்னால் இருக்கும் தேவாலயக் கூடத்தில், வியாழக்கிழமை மதியம் வந்து அத்தனையையும் எங்கள் தலையில் கொட்டுவான். ஒன்பது முறை கோப்பையைத் தூக்கினான். அதில் ஆறு முறை எதிரே உட்கார்ந்து தோற்றவன் நான்.

போன நவம்பரில் எர்னஸ்ட் போய்விட்டான்.

அதுவரை மூலையில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்த மேவிஸ், ஜனவரியில் அவன் பட்டியலைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்து போட்டிக்குப் பெயர் கொடுத்தாள். சும்மா பொழுதுபோக்குக்கு என்றுதான் நினைத்தோம். ஒவ்வொருவராகத் தோற்கடித்து இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டாள்.

நான் இருபது புள்ளி முன்னால் இருந்தேன். கனாட்டுக்கு இருபத்தெட்டு.

எனக்கு எழுபத்து நான்கு வயதாகிறது. அந்தக் கோப்பையில் ஒரு முறையாவது கிளிஃபர்ட் என்று என் பெயர் ஏற வேண்டாமா?

ஒரே ஒரு வழி இருந்தது.

வேறெந்தக் கிளப்பிலும் இல்லாத சட்டம் எங்களுக்கு உண்டு. எதிராளி கேட்டால், வைத்த வார்த்தைக்குப் பொருள் சொல்ல வேண்டும். தெரியாவிட்டால் வார்த்தையை எடுத்துவிட்டு, சமையலறைக்குப் போய் எல்லாருக்கும் டீ போட வேண்டும்.

எர்னஸ்ட் ஒருமுறைகூட டீ போட்டதில்லை. எதைக் கேட்டாலும் கண்ணிமைக்காமல் பொருள் சொல்வான். கிளப்பில் இருந்ததோ போட்டிக்கான வெறும் வார்த்தைப் பட்டியல். எழுத்துகள் சரியா என்று பார்க்கலாம், பொருள் இருக்காது. அதனால் அவன் சொன்னதே வேதம்.

"பொருள் சொல்லு மேவிஸ்," என்றேன்.

"வேலையிலேருந்து லேட்டா வர்றவருக்குச் சாப்பாட்டுத் தட்டை இன்னொரு தட்டால மூடி, வெந்நிச் சட்டிமேல வெச்சிருப்போமே, அதுக்குப் பேருதான் கனாட். பாரசீகத்துல அப்படித்தான் சொல்வாங்களாம். எர்னஸ்ட் சொன்னது."

பக்கத்து மேஜையில் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

ஏனென்றால் இந்த வருடம் கூடத்து அலமாரியில் ஓர் அகராதி இருந்தது. எர்னஸ்டின் சாமான்களை ஒழித்தபோது, வீட்டிலிருந்த அந்தப் பெரிய புத்தகத்தை மேவிஸே கிளப்புக்குக் கொடுத்திருந்தாள். அதுவரை யாரும் அதைத் திறந்ததில்லை. நான் போய்த் தூக்கிக்கொண்டு வந்தேன். அவள் தடுக்கவில்லை. பையிலிருந்து பின்னலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

க்யூ வார்த்தைகள் நாலைந்து பக்கம்தான். சீக்கிரமே கிடைத்துவிட்டது.

மலையடிவாரத்துத் தண்ணீரை ஊருக்குக் கொண்டுவரும் நிலத்தடிக் கால்வாய். தட்டுமில்லை, சாப்பாடுமில்லை.

கோப்பை என் கைக்கு வந்தாயிற்று. சொல்வதற்கு வாயைக்கூடத் திறந்துவிட்டேன்.

அப்போதுதான் ஓரத்தில் பென்சில் எழுத்து கண்ணில் பட்டது. பொடிப்பொடியாக, மேவிஸின் கையெழுத்து.

'புளுகு. 6 மார்ச் 1979. அன்றைக்கு ஈரலும் வெங்காயமும்.'

பக்கத்தைத் திருப்பினேன். இன்னொரு வார்த்தை, இன்னொரு தேதி. 'புளுகு. 1983. பனியில் நனைந்து வந்தார்.' அதற்குக் கீழே, 'மகா புளுகு. 1990.' துணையில்லாத க்யூ வார்த்தை ஒன்றுகூடத் தப்பவில்லை. கடைசியாக ஒன்று, எழுத்து கொஞ்சம் கோணலாக: 'புளுகு. போன அக்டோபர். ஆஸ்பத்திரியில்.'

நிமிர்ந்து பார்த்தேன். மேவிஸ் என்னைப் பார்க்கவில்லை. கோப்பையில் எர்னஸ்டின் பெயர் வரிசையாகப் பொறித்திருந்த பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் புளுகுமூட்டை மறுபடி எதிரே வந்து உட்கார்ந்து, இன்னும் ஆறு முறை என்னைத் தோற்கடித்தாலும் தேவலை என்றிருந்தது.

அகராதியை மூடினேன்.

"தட்டுதான். எர்னஸ்ட் சொன்ன மாதிரியே போட்டிருக்கு," என்றேன்.

எல்லாரும் கைதட்டினார்கள். மேவிஸ் கோப்பையை வாங்கி, பின்னலில் சுற்றிப் பைக்குள் வைத்தாள். பிறகு எழுந்தாள்.

ஜெயித்தவர் உட்கார்ந்திருப்பார், மற்றவர்கள்தான் பரிமாறுவார்கள். அதுதான் வழக்கம். நீ உட்கார் என்று நாலு பேர் சொன்னார்கள். அவள் காதில் வாங்காமல் நேரே சமையலறைக்குப் போனாள். கெட்டிலில் தண்ணீர் பிடிக்கும் சத்தம் கேட்டது.

தட்டு தட்டாக எல்லாருக்கும் டீ கொண்டுவந்து கொடுத்தாள்.

என்னுடையது கடைசியாக வந்தது. அதன்மேல் மட்டும் இன்னொரு சாசரைக் கவிழ்த்து மூடியிருந்தாள்.