வெள்ளிக்கிழமைக் கோவா

பெரிய பானையில் முழு முட்டைக்கோவா ஒன்று வெந்துகொண்டிருந்தது. பக்கத்து அடுப்பில் தில்லைநாயகி இரண்டு கை செத்தல் மிளகாயைத் தாச்சியில் போட்டு வறுத்தாள்.

மிளகாய் கறிக்கல்ல. கோவா மணத்தை அமுக்க.

மேல்வீட்டு ஜெர்மேன் என்ற வெள்ளைக்காரக் கிழவிக்குக் கறி மணம் போய்விடக் கூடாதென்று இருபது வருடமாக யன்னலைச் சாத்திச் சமைத்தவள்தான். இன்றைக்கு வெள்ளைக்காரச் சாப்பாட்டின் மணம் தமிழாட்களுக்குப் போய்விடக் கூடாதென்று மிளகாய் வறுக்கிறாள். மார்க்ஸ் டோர்மோயில் பிரெஞ்சுக்காரரும் தமிழாட்களும் ஒரே படிக்கட்டில் குடியிருந்தால் இப்படியும் ஒரு காலம் வரும்.

அதுவும் வெள்ளிக்கிழமை.

வெள்ளிக்கிழமையென்றால் முட்டைகூட உடைக்காத வீடு. அங்கே கோப்பை நிறைய அரைத்த பன்றி இறைச்சி. தமிழாட்கள் நிறைந்த லாச்சப்பல் கடைகளில் வாங்கினால் அவள் வீடு வந்துசேருமுன் செய்தி வந்துசேர்ந்துவிடும். அதனால் மெத்ரோ ஏறிப் போய், முகம் தெரியாத கடையில் வாங்கி, கீரைக்கட்டுக்கு அடியில் ஒளித்துக் கொண்டுவந்தாள். சாமித் தட்டின் திரையையும் இழுத்துவிட்டிருந்தாள். திரைக்கு அந்தப் பக்கம் மணக்காது என்று ஒரு நம்பிக்கை.

எல்லாம் சாம்பவிக்காக.

மகள் சாம்பவிக்கு லண்டனில் வேலை என்றுதான் மூன்று வருடமாகத் தில்லைநாயகி சொல்லிவருகிறாள். கட்டடமும் அப்படித்தான் சொல்லிவருகிறது. நம்பித்தான் சொல்கிறதா என்று யாரும் யாரையும் கேட்டதில்லை.

சாம்பவி இருப்பதோ வில்லியே லே பெல்லில். ரயிலில் ஏறினால் கண் அயருமுன் இறங்கவேண்டிய தூரம். கூட இருப்பது மிஹாய் என்ற ருமேனியாக்காரப் பெடியன். இனி இந்தப் படி மிதிக்காதே என்று மகளுக்குக் கதவைச் சாத்தியவளும் இதே தில்லைநாயகிதான். சாத்திய சத்தம் நாலாம் மாடிவரை கேட்டது. கேட்டவர்களுக்குத்தான் லண்டன் கதை சொல்லப்பட்டது.

பேத்தி பிறந்தபோது போனில் ஒரு படம் வந்தது. அவ்வளவுதான்.

முந்தநாள் மகளே போன் எடுத்தாள். சனிக்கிழமை பிள்ளைக்கு முதலாவது பிறந்தநாளாம். மாமியார் ருமேனியாவிலிருந்து வந்து நிற்கிறாவாம். கோவா இலைக்குள் இறைச்சியும் அரிசியும் வைத்துச் சுருட்டி அவிக்கிற சாப்பாடு ஒன்று அவர்களுக்கு இருக்கிறதாம். அம்மாவுக்குச் செய்ய வருமா? மிளகாய்த்தூள் மட்டும் போட வேண்டாமாம்.

வரும் என்றாள் தில்லைநாயகி. அப்படி ஒரு சாப்பாடு உலகத்தில் இருப்பதே அவளுக்கு அந்த நிமிடம்தான் தெரியும்.

போனைச் சீனிப் போத்தலில் சாத்திவைத்து, வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துப் படித்தாள். வெந்த இலையைக் கிழியாமல் உரிக்க வேண்டும். தடித்த நரம்பைச் சீவ வேண்டும். இரண்டு பக்கமும் மடித்து இறுக்கிச் சுருட்ட வேண்டும். நாளைக்குப் பேத்தியைத் தூக்கப்போகிற கை அல்லவா, பன்றியென்றும் பாராமல் பிசைந்தது.

திரைக்குப் பின்னால், சாமி படத்தின் காலடியில், குழந்தைக்கு வாங்கிய பஞ்சாயுதச் சங்கிலி இருந்தது. யாருக்கு என்று நகைக்கடையில் கேட்டார்கள். லண்டனில் ஒரு சொந்தக்காரருக்கு என்று சொல்லித்தான் அதையும் வாங்கியிருந்தாள்.

கடைசிச் சுருளை அடுக்கும்போது யாரோ கதவைத் தட்டினார்கள்.

கீழ்வீட்டு றஜனி. சால்வையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இருமினாள். இருமல் உண்மையான இருமல்தான். ஆனால் கண் தில்லைநாயகியின் தோளுக்கு மேலால் குசினியைத் துழாவியது.

"என்ன தில்லையக்கா, வெள்ளிக்கிழமையும் அதுவுமா ஊரையே இரும வைக்கிறியள்! மிளகாய் லண்டனுக்கு அனுப்பவோ?"

"ஓம் றஜனி, சாம்பவிக்குத்தான்."

லண்டனில் மிளகாய் விற்பதில்லையா என்று றஜனி கேட்கவில்லை. அதைக் கீழே போய்ப் பத்துப் பேரிடம் கேட்கலாம்.

கதவைச் சாத்தித் திரும்ப, போன் அடித்தது. சாம்பவி. முதலில் கொஞ்சம் பிரெஞ்சில் தடுமாறினாள். பிறகு தமிழுக்கு வந்தாள்.

"அம்மா, நாளைக்கு மிஹாய் ஸ்ரேசனுக்கு வருவார். பானையை அவரிட்டைக் குடுத்திட்டு நீங்கள் அப்பிடியே திரும்பிப் போங்கோ, என்ன. நான்தான் சமைச்சதெண்டு மாமிக்குச் சொல்லியிருக்கிறன். நீங்கள் யாழ்ப்பாணத்திலை இருக்கிறியள் எண்டுதான் அவை நினைச்சுக்கொண்டிருக்கினம்."

தாய் மகளை லண்டனுக்கு அனுப்பிவைத்திருந்தாள். மகள் தாயை யாழ்ப்பாணத்துக்கே திருப்பி அனுப்பிவிட்டாள். இரண்டு பேருக்கும் விசாவும் தேவைப்படவில்லை, டிக்கெட்டும் தேவைப்படவில்லை.

சரி என்றாள் தில்லைநாயகி. சங்கிலியைப் பற்றி வாய் திறக்கவில்லை.

மகள் போனை வைத்துவிட்டாள்.

சுருள்கள் சட்டிக்குள் வரிசையாக, வீடியோக்காரியே வெட்கப்படுகிற மாதிரி அடுக்கிக் கிடந்தன. தில்லைநாயகி ஒவ்வொன்றாக வெளியே எடுத்து அவிழ்த்தாள். இறைச்சி முழுவதையும் திரும்பக் கோப்பையில் வழித்துப் போட்டாள்.

மிளகாய் கருகத் தொடங்கியிருந்தது. அடுப்பை அணைத்தாள். ஆறும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஒரு கை அள்ளி, உள்ளங்கையில் வைத்து விதையோடு நொறுக்கி இறைச்சிக்குள் போட்டாள்.

மற்றக் கை மிளகாயையும் போட்டாள்.

பிசைந்து, திரும்பச் சுருட்டினாள். இந்தமுறை இன்னும் இறுக்கமாக. வெளியிலிருந்து பார்த்தால் வெறும் வெள்ளை இலை. நான்தான் சமைத்தேன் என்று, இதைக் கடித்த பிறகும் மகள் சொல்லட்டும்.

தாச்சி வெறுமையாகிவிட்டது. அமுக்குவதற்கு எதுவும் இல்லாத கோவா மணம் கதவிடுக்கால் புறப்பட்டு, படிக்கட்டில் இறங்கி, றஜனியின் வாசலில் போய் நின்றது.

நிற்கட்டும்.

றஜனிக்கு அவள் பொய்யொன்றும் சொல்லவில்லை. மிளகாய் சாம்பவிக்குத்தான்.