வெள்ளை ரோஜாவில் பேன்

“எங்க அம்மாகூட என் தலையில இவ்வளவு நேரம் பேன் பாத்ததில்ல மேடம்!”

பூ வியாபாரி எரிச்சலை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. விமான நிலையச் சரக்குக் கிடங்கின் பரிசோதனை அறையில், வெளிநாட்டிலிருந்து வந்திறங்கிய அவருடைய வெள்ளை ரோஜாப் பெட்டிகள் சுவரோரம் அடுக்கிக் கிடந்தன. முகக்கவசம் அணிந்த பூச்சி அதிகாரி நுண்ணோக்கியை விட்டுக் கண்ணை எடுப்பதாக இல்லை. வழக்கமாக வருபவருக்குக் காய்ச்சலாம். விடுமுறையில் இருந்த இவளை அவசரமாக அழைத்திருந்தார்கள். சின்னப் பெண், பேசிச் சரிக்கட்டிவிடலாம் என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

“இலைப்பேன் எந்தப் பூவுல இல்ல? உதறினா போயிடும்.”

“உள்ளூர் இலைப்பேனா இருந்தா நானே உதறிக் கொடுத்திருப்பேன். இது வெளிநாட்டுது. இங்க இன்னும் நுழையாதது.”

“ரெண்டும் துக்கினியூண்டு மஞ்சள் பூச்சி. எப்படிப் பிரிச்சுச் சொல்றீங்க?”

“வாங்க, நீங்களே பாருங்க. கண்ணுக்குப் பின்னால நீளமா முடி தெரியுதா? நம்ம ஊர்ப் பூச்சிக்கு அது கட்டை.”

அவர் குனிந்து பார்த்தார். தெரிந்தது.

“உள்ளூர்ப் பூச்சின்னே சொல்லிடுங்க மேடம். ரெண்டும் பங்காளிங்கதானே! யாருக்குத் தெரியப்போகுது?”

“எனக்குத் தெரியுமே!”

“சரி, மருந்தடிச்சாவது விட்டுடுங்க.”

“மருந்துக்கு மசியாத ஜாதி சார். ஒண்ணு தப்பிச்சாலும் தக்காளி, மிளகாய்னு தோட்டம் தோட்டமா நோயைப் பரப்பிடும். அப்புறம் யார் பிடிக்கிறது? எரிக்கத்தான் வேணும்.”

“ஐயோ, நாளைக்குக் கல்யாணம் மேடம்! மண்டபமே இந்தப் பூவை நம்பித்தான் இருக்கு.”

அவள் முத்திரைக் கட்டையை எடுத்தாள்.

கடைசி அஸ்திரமாக அவர், பூவுக்கு ஆர்டர் கொடுத்த மாப்பிள்ளையின் தாயாருக்குப் போன் போட்டு, விஷயத்தைச் சொல்லி, ஸ்பீக்கரை அழுத்தி மேஜைமேல் வைத்தார். அந்த அம்மாள் வாயைத் திறந்தால் எதிரே யாரும் நிற்க முடியாது.

“யாரும்மா நீ? உன் டைரக்டர் எங்க வீட்டுக்காரரோட ஒண்ணாப் படிச்சவர். நான் ஒரு வார்த்தை சொன்னா, நாளைக்கு அந்த நாற்காலியில நீ இருக்க மாட்ட!”

டொக். முதல் பெட்டியில் சிவப்பு முத்திரை விழுந்தது. டொக், டொக் என்று அடுத்தடுத்த பெட்டிகளிலும் விழுந்தது. அந்தச் சத்தம் கேட்டதும் போனில் குரல் இறங்கியது.

“அம்மா தாயே, எனக்காகக் கேக்கல. எங்க வீட்டுக்கு வரப்போற பொண்ணு வேற எதுவுமே கேக்கல. வெள்ளை ரோஜா மட்டும் வேணும்னு ஆசையாச் சொன்னா. அவ முகத்துல நான் எப்படி முழிப்பேன்? நீயும் ஒரு பொண்ணுதானே?”

முத்திரைக் கட்டை அந்தரத்தில் நின்றது. வியாபாரிக்கு உயிர் வந்தது. கல் கரைகிறது!

டொக். கடைசிப் பெட்டியிலும் விழுந்தது. அதிகாரி முகக்கவசத்தைக் கழற்றிவிட்டுப் போன் பக்கம் குனிந்தாள்.

“ஆசைப்பட்டுக் கேட்டதும் நான்தான், எரிக்கச் சொல்றதும் நான்தான், அத்தை. நாளைக்கு மேடையில பூ இல்லாமலே வந்து நிக்கிறேன்!”