மேற்குச் சுவர்

மேம்பாட்டு வங்கியின் முதலீட்டில் தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களுக்குக் கட்டிய குடியிருப்பில், ஜெபக்கனிக்கும் அவள் கணவன் சூசைமுத்துவுக்கும் ஓர் அறை வீடுதான் கிடைத்தது. கடல்நீரைக் குடித்துத் தானே வளரும் சுண்ணாம்புச் சுவர்கள். குடும்பத்தில் ஆள் கூடினால் வீடே இன்னோர் அறையை வளர்த்துக்கொள்ளும். கல்யாணமாகிப் பதினோரு வருஷம். அந்தத் தெருவில் வளராத வீடு அவர்களுடையது மட்டும்தான்.

ஒரு நாள் காலை, மேற்குச் சுவர் ஒரு சாண் வெளியே புடைத்திருந்தது. ஜெபக்கனி பதறிப்போய் வங்கியின் பொறியாளரை வரவழைத்தாள்.

"இடிஞ்சு விழுந்துருமா மேடம்?"

பொறியாளர் தில்லைநாயகி சுவரில் கை வைத்துப் பார்த்தாள். "வீட்டுல எத்தன பேரு இருக்கீங்கக்கா?"

"நாங்க ரெண்டு பேருதான்."

"விருந்தாளி யாரும் வந்து தங்கியிருக்காங்களா?"

"இல்லயே."

"சுவர்ல பழுது எதுவும் இல்லக்கா. அறை வளருது." தில்லைநாயகி குரலைத் தாழ்த்தினாள். "எதுக்கும் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாத்துருங்க."

நாள் தள்ளிப்போனதை, வெயிலில் உப்பு வாரிய அசதியால் என்றே ஜெபக்கனி நினைத்திருந்தாள்.

இருவரும் மாலையில் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது சுவர் இன்னும் இரண்டு விரற்கடை நகர்ந்திருந்தது. சூசைமுத்து செருப்பைக் கழற்றிவிட்டு அதன் முன்னால் நின்றான்.

"நமக்கு முந்தி இதுக்குத் தெரிஞ்சிருக்கு, பாத்தியா!"

ஜெபக்கனி சுவரில் காதை வைத்தாள். உள்ளே தூறல் போல மெல்லிய சத்தம் கேட்டது. அவர்கள் பிள்ளைக்கு இடம் உண்டாகிக்கொண்டிருந்தது.