விலைபோகாத விமர்சகர்

பதினான்கு வருஷமாக விமர்சகர் ஒரே ஒரு ஆளுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். லஞ்சம் கொடுக்க வரும் ஆளுக்காக.

வாங்குவதற்கு இல்லை, மறுப்பதற்கு. வார இதழில் 'வாங்கலாமா, வேண்டாமா?' பகுதியை எழுதுகிறவர் அவர். மிக்ஸி முதல் மொபைல் வரை எது கடைக்கு வந்தாலும் பிரித்து மேய்ந்துவிடுவார். என்றாவது ஒரு பெரிய கம்பெனி ஆள் அனுப்பும், அப்போது 'என் பேனா விற்பனைக்கு இல்லை' என்று வாசலைக் காட்ட வேண்டும் என்று, சவரம் செய்யும்போதெல்லாம் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்ப்பார். ஆனால் இத்தனை வருஷத்தில் ஒரு கம்பெனிகூட ஒரு காலண்டர்கூட அனுப்பியதில்லை.

"நீங்க எழுதுறதை யாருங்க படிக்கிறாங்க?" என்பாள் மனைவி, அதே இதழை விரித்துப்போட்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டே.

அதனால் வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்குக் கதவைத் திறந்தபோது, வாசலில் நின்ற இரண்டு பேரைவிட, அவர்கள் கையில் இருந்த அட்டைப் பெட்டியைப் பார்த்துத்தான் அவருக்கு உச்சி குளிர்ந்தது. புது கேம் பெட்டி! போன வாரம் அவர் கிழி கிழி என்று கிழித்த அதே பெட்டி.

அந்தப் பெட்டிக்குள் விளையாட்டு என்று எதுவும் கிடையாது. எங்கோ தூரத்தில் உள்ள கம்ப்யூட்டரில் ஓடும் விளையாட்டு, இன்டர்நெட் வழியாக வீட்டு டிவிக்கு வரும். நெட் நின்றால் விளையாட்டும் நிற்கும். மாதாமாதம் சந்தா வேறு. 'உள்ளே இருப்பதைத் தூக்கிப் போட்டுவிட்டு அட்டையை வைத்துக்கொள்ளுங்கள், பழைய துணி போடவாவது உதவும்' என்று முடித்திருந்தார்.

வந்தவர்களில் கண்ணாடி போட்டவர் பவ்யமாக சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். கூட வந்த தடியன் உட்காரவில்லை. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு அதன்மேலேயே சாய்ந்துகொண்டான்.

"சார், நீங்க எழுதினதுல இருந்து ஒரு பெட்டிகூட நகர மாட்டேங்குது. கோடவுன்ல கூரை வரைக்கும் அடுக்கி வெச்சிருக்கோம்."

"நகராதுதான்" என்றார் விமர்சகர். அந்த வார்த்தையை அவர் சப்புக்கொட்டிச் சொன்னார்.

"ஒரே ஒரு வரி சார். 'மறுபடி போட்டுப் பார்த்தேன், வாங்கலாம்'னு எழுதிடுங்க. இந்தப் பெட்டி உங்களுக்குத்தான். இன்னும் நாலு வேணும்னாலும் தர்றோம்."

"நீங்க இதுல விளையாடிப் பார்த்திருக்கீங்களா?"

"எங்களுக்கு எங்க சார் நேரம்? நாய் படாத பாடு பட்டுச் சரக்கைக் கொண்டு வந்து சேர்த்திருக்கோம். பொழப்புல மண்ணைப் போட்டுட்டீங்களே."

"முடியாது."

தடியன் கதவை விட்டு நகர்ந்தான். "அண்ணே, வாயால சொன்னா கேக்குற ஆள் மாதிரி தெரியல. சார், நீங்க எழுதுற கை எது?"

விமர்சகரின் ஒத்திகையில் இந்தக் கட்டம் வந்ததே இல்லை. வலது கையை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். ஒரு வரிதானே, எழுதித் தொலைத்தால் என்ன என்றுகூட ஒரு கணம் தோன்றிவிட்டது.

பேச்சுச் சத்தம் கேட்டு மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "யாருங்க இவங்க?"

"கம்பெனி ஆளுங்க. நான் எழுதினதை மாத்தி எழுதணுமாம். இல்லேன்னா கையை உடைச்சுடுவாங்களாம்."

"நீங்க எழுதினதுக்கா?" மனைவி கண்களை அகல விரித்தாள். "நிஜமாவா?"

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரை அப்படிப் பார்த்ததில்லை. அந்த ஒரு பார்வைக்காக வலது கை என்ன, இடது கையையும் சேர்த்துக் கொடுக்கலாம் என்றிருந்தது அவருக்கு. எழுந்து நின்றார். வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"என் பேனா விற்பனைக்கு இல்லை!" குரல் கொஞ்சம் கீச்சிட்டது, பரவாயில்லை. "உடைக்கணும்னா உடைச்சுக்கோ. உலகம் பூரா கிளை வெச்சிருக்கிற கம்பெனி, தனி மனுஷன் ஒருத்தன் எழுத்துக்கு இப்படி நடுங்குதே, வெட்கமா இல்லை? அடியாள் அனுப்புற லட்சணத்தை உங்க தலைமை ஆபீஸ்லயே கேக்கறேன். நம்பர் இந்த அட்டையிலயே இருக்கு."

மொபைலை எடுத்து எண்களை அழுத்த ஆரம்பித்தார். தடியனின் முகம் வெளிறிவிட்டது. கண்ணாடிக்காரர் பாய்ந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயோ, கம்பெனிக்கு மட்டும் போன் பண்ணிடாதீங்க சார்! உங்க கால்ல வேணும்னாலும் விழறேன்!"

விமர்சகர் மனைவி பக்கம் திரும்பி, பார்த்தாயா என்பதுபோல் ஒரு புருவத்தை உயர்த்தினார். பிறகு கம்பீரமாகக் கேட்டார்: "முதலாளிக்குத் தெரிஞ்சா வேலை போயிடும்னு பயமா?"

கண்ணாடிக்காரர் ஒன்றும் புரியாமல் அவரைப் பார்த்தார்.

"எந்த முதலாளி சார்? கம்பெனிக்காரன் உங்க கட்டுரையைப் பார்த்திருக்கக்கூட மாட்டான். அவன் லாரியை மடக்கி இவ்வளவு சரக்கையும் அடிச்சுட்டு வந்த நாங்கதான், பாதி விலைக்குக்கூட விக்க முடியாம நடுத்தெருவுல நிக்கிறோம்!"