சிவப்பை அணைக்கும் பொத்தான்

ஐந்தரைக்கு எழுந்தான். பல் துலக்கினான். ரொட்டி இரண்டு துண்டு தின்றான்.

இரண்டு டம்ளர்களில் ஒன்றைக் கழுவிக் கவிழ்த்தான். இன்னொன்று பத்தொன்பது மாதமாகக் கவிழ்ந்தே இருக்கிறது.

ஆடும்போது பல்லில் மாட்டும் கவசத்தின் மாதிரியைத் துடைத்துப் பெட்டியில் வைத்தான். மாடிப்படியைப் பக்கவாட்டில், ஒவ்வொன்றாக இறங்கினான். நாட்டுக்காகப் பத்து வருடம் ரக்பி ஆடிய முழங்கால் காலை வேளையில் அப்படித்தான் இறங்கும்.

எட்டு மணிக்கு மச்சான் வண்டியோடு வாசலில் நின்றார். மனைவியின் அண்ணன்.

"மாப்ள, இன்னிக்காவது வாயத் திறந்து நாலு வார்த்தை பேசு. எல்லாத்தையும் என் தலையில கட்டாத."

தலையாட்டினான்.

ரக்பி சங்கத்துச் செயலாளரின் அறையில் ஏ.சி. சொட்டிக்கொண்டிருந்தது. கீழே ஒரு வாளி. சுவரில் பழைய தேசிய அணியின் படம். இரண்டாவது வரிசையில் அவன், காது இன்னும் நசுங்காமல்.

செயலாளர் படத்தையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். "இந்தக் காதுல ஏதாச்சும் கேக்குமா தம்பி?"

"நல்லா கேக்கும் சார்," என்று மச்சான்தான் சிரித்துவைத்தார்.

பெட்டியைத் திறந்தார்கள். பற்கவசத்துக்குள் கடுகளவு கருவி. தலையில் பலமாக அடிபட்டால், எல்லைக்கோட்டில் நிற்கும் கோச்சின் கையில் இருக்கும் திரையில் சிவப்பு எரியும். எரிந்தால் ஆள் வெளியே. பேச்சுக்கே இடமில்லை.

மூடியில் மச்சான் எழுதிய வாசகம்: வாய் பொய் சொல்லும். பல் சொல்லாது.

செயலாளருக்கு எல்லாமே பிடித்திருந்தது. முப்பத்தாறு அணிகளுக்கும் வாங்கத் தயார். ஒன்றே ஒன்றுதான் குறை.

"கோச்சுக்கு ஒரு பட்டன் வெச்சுக் குடுங்க. சின்ன அடின்னு அவருக்குத் தோணினா சிவப்பை அணைச்சுக்கட்டும். சரின்னா இப்பவே கையெழுத்து."

"கூடாது."

அன்று அவன் பேசிய முதல் வார்த்தை அது.

மேசைக்கு அடியில் மச்சானின் ஷூ அவன் காலை மிதித்தது. இந்தக் கையெழுத்து கிடைக்காவிட்டால் மாதக் கடைசியில் அலுவலகத்தைப் பூட்ட வேண்டியதுதான். பதினோரு பேருக்கு வேலை போகும். மச்சானோ, இருந்த நல்ல வேலையை உதறிவிட்டு இதில் இறங்கியவர். தங்கைக்காக.

மிதித்த காலை எடுக்காமலே மச்சான் கதையைத் தொடங்கினார். எந்த மேடையிலும் கைகொடுக்கும் கதை. சொல்லிச் சொல்லி, அன்று மைதானத்திலேயே இல்லாத மச்சான், இருந்த அவனைவிட நன்றாகச் சொல்லப் பழகியிருந்தார்.

பெண்கள் அரையிறுதி. ஆடியவள் தங்கை, கோச் அவளுடைய புருஷன். பந்தோடு ஓடிய எதிரணிப் பெண்ணைத் தங்கை மடக்கி வீழ்த்தும்போது, அந்தப் பெண்ணின் முழங்கால் இவள் நெற்றிப்பொட்டில் இடித்தது. கோட்டோரம் வந்தவளிடம் அவன் கேட்டான். அவள் சிரித்தாள். 'எனக்கு ஒண்ணும் இல்ல கோச்சு, ஆடுறேன்.' எட்டு நிமிடம் பாக்கி. ஆறாவது நிமிடத்தில் விழுந்தாள். அதன்பிறகு பேசவில்லை.

"சின்னதுலருந்தே அவ அப்படித்தான் சார். கை ஒடிஞ்சப்பவே ரெண்டு நாள் மறைச்சவ. அழுத்தக்காரி."

இந்த இடத்தில் மச்சானின் குரல் எப்போதும் உடையும். இன்றும் உடைந்தது. மருத்துவமனை வராந்தாவில் அவன் சட்டையைப் பிடித்து, கடைசியா என்ன சொன்னா, என்ன சொன்னா என்று உலுக்கியபோது கிடைத்த வாக்கியம்தான் அந்த 'எனக்கு ஒண்ணும் இல்ல'. அதைப் பற்றிக்கொண்டுதான் மச்சான் எழுந்து நடந்தார்.

செயலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். நல்ல மனிதர். கண் கலங்கியிருந்தது.

"அதையேதான் நானும் சொல்றேன் தம்பி. அந்தப் பொண்ணு மறைச்சிருச்சு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நீங்க வெளிய எடுத்திருக்க மாட்டீங்களா? அப்போ கோச்ச நம்புறதுல என்ன தப்பு?"

பேனாவை அவன் பக்கம் உருட்டிவிட்டார்.

வாளியில் ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு.

மச்சான் அவனைப் பார்த்தார். ஆமாம் என்று சொல்லிவிடு என்பதுபோல. அது போதும். பதினோரு பேரும் வேலையில் இருப்பார்கள். அண்ணனுக்குத் தங்கை அழுத்தக்காரியாகவே இருப்பாள்.

அவன் பேனாவை எடுத்தான். மூடினான். செயலாளரைப் பார்க்காமல் மச்சானின் பக்கம் திரும்பி உட்கார்ந்தான்.

"அவ அப்படிச் சொல்லல மச்சான்."

காலை மிதித்திருந்த ஷூ மெதுவாக விலகியது.

"ரெண்டு புள்ளி பின்னாடி இருந்தோம். மாத்து ஆள் பெஞ்ச்ல ரெடியாத்தான் இருந்தா. எட்டே நிமிஷம், போன்னு நான்தான் அனுப்பினேன்."

"அவ என்ன சொன்னா?" மச்சானின் குரல் வராந்தாவில் கேட்ட அதே குரல்.

வீட்டில் அவனை அவள் கூப்பிடுவது டேய். மைதானத்தில் கோச்சு. அவன் போட்ட சட்டம் அது. மூன்று வருடத்தில் அவள் ஒரே ஒரு தடவைதான் அதை மீறினாள்.

"'டேய், கோச்சா வேணாம், புருஷனா ஒரு நிமிஷம் கேளு. எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுதுடா. நான் வெளிய வந்துடறேன்.'"